பணி முடிந்தபின் மலையை நோக்கி: கோவையின் மூன்று மிதிவண்டிச் சாலைகள்

கோவையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பேறு உண்டு. அலுவலகத்தை விட்டிறங்கி மேற்கே மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தைத் தொட்டுவிடலாம். ஆனால் மாலைப் பொழுதைச் சுருக்குவதும் அதே மலைதான். ஜூன் மாதத்தில் ஏழு மணிக்குச் சற்று முன்பும் டிசம்பரில் ஆறு மணியளவிலும் மறையும் சூரியன், அடிவாரத்தில் நிற்பவருக்கு அதற்கும் முன்பே மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. ஆகவே ஐந்தரை மணிக்குப் பணி முடித்துக் கிளம்புகிறவர், போகும் வழியின் அழகைவிட, இருட்டில் திரும்பி வரவேண்டிய வழியையே முதலில் எடைபோட வேண்டும் என்பது இச்சாலைகளில் பல ஆண்டுகளாக மிதித்துவரும் எனது கருத்து.

மூன்றில் தூரம் குறைந்தது மருதமலைச் சாலை. ஆர்.எஸ்.புரத்திலிருந்து லாலி ரோடு, வேளாண்மைப் பல்கலைக்கழகம், வடவள்ளி, பாரதியார் பல்கலைக்கழகம் என்று நேராகச் செல்லும் இவ்வழியில் பெரும்பகுதி ஊர்களுக்குள்ளேயே அமைந்திருப்பதால், டியூப் பஞ்சரானாலும் உதவிக்கு ஆள் கிடைப்பார்கள். அடிவாரத்திலிருந்து கோயிலுக்கு ஏறும் மலைப்பாதை நீளத்தில் சிறியது என்றாலும், மிக இலகுவான கியருக்கு மாற்றிய பிறகும் தொடை எரியும் அளவுக்குச் செங்குத்தானது. மலையேற்றப் பயிற்சி மட்டுமே நோக்கமென்றால் இதற்கு ஈடு இல்லை. குறை என்னவென்றால், மாலை நேரத்தில் வடவள்ளியைக் கடப்பது மலையேறுவதைக் காட்டிலும் களைப்பைத் தருகிறது. செவ்வாய், கிருத்திகை, சஷ்டி நாட்களில் பக்தர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்வதால் அன்றைக்கு இப்பக்கம் வராமலிருப்பதே முறை. யானையும் சிறுத்தையும் நடமாடும் மலை என்பதால், ஏறுகிறவர் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்.

அழகில் முதலிடம் ஆனைகட்டிச் சாலைக்குத்தான். கணுவாய், சின்னத் தடாகம் தாண்டியதும் இருபுறமும் மலை நெருங்கிவந்து பள்ளத்தாக்கின் உருவம் தெளிவாகிறது. நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் வரும் மாங்கரையைக் கடந்தால் காடும் கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கி, கேரள எல்லையிலுள்ள ஆனைகட்டி வரை நீள்கின்றன. இத்தனை இருந்தும், வார நாளின் மாலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை, ஆறே காலுக்கு மாங்கரையைத் தாண்டி இரண்டாவது வளைவில் திரும்பியபோது, சாலையின் நடுவே ஆவி பறக்கும் யானைச் சாணமும், அதனருகே அப்போதுதான் முறித்துப் போட்ட மூங்கில் கிளையும் கிடந்தன. யானை கண்ணில் படவில்லை. ஆனாலும் எந்தப் புதரில் அது நிற்கிறது என்று தெரியாமல், பிரேக் சத்தம்கூட எழாதபடி இறங்கிய அந்த இரண்டு வளைவுகளும் எனக்குப் போதுமான பாடமாக அமைந்தன. யானை சாலையைக் கடக்கும் நேரமும் நாம் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்கும் வழி இது. ஞாயிறு காலையில், நன்றாக விடிந்த பிறகு செல்வதற்கு உகந்தது.

சிறுவாணிச் சாலையில் மலையேற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் இல்லை. இருந்தும் வாரத்தில் மூன்று நாள் எனது வண்டி அங்கேதான் திரும்புகிறது. பேரூரைத் தாண்டி மாதம்பட்டி, ஆலாந்துறை என்று செல்லச் செல்ல நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே போகிறது. அந்த உயர்வு கண்ணுக்குத் தெரிவதில்லை, முழங்காலுக்குத்தான் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல எதிர்த்து நிற்பதால், தட்டையாகத் தோன்றும் இச்சாலையே மலைப்பாதையின் உழைப்பைக் கேட்கிறது. ஆனால் திரும்பும்போது இறக்கமும் காற்றும் ஒருசேர முதுகுப்பக்கம் வந்துவிடுகின்றன. உடல் சோர்ந்து, வெளிச்சமும் குறைந்த நேரத்தில் வழி எளிதாகிவிடும் இந்த அமைப்பு மற்ற இரண்டு சாலைகளிலும் இத்தனை முழுமையாக வாய்ப்பதில்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. மாலையில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக நகரத்தை நோக்கி விரைகின்றன. எதிரே வரும் வண்டிகளின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும்போது சாலையோரப் பள்ளம் தெரிவதில்லை. பின்பக்கச் சிவப்பு விளக்கும், பாதையைக் காட்டும் அளவுக்கு ஒளியுள்ள முன்விளக்கும் இன்றி ஒருவரும் கிளம்பக் கூடாது. ஆலாந்துறையில் திரும்பிவிட வேண்டும் என்பதும் எனது கண்டிப்பான விதி. இருட்டுப்பள்ளத்தைத் தாண்டிச் சாடிவயல் பக்கம் போனால் அங்கும் காடுதான், அங்கும் யானைதான்.

பாக்குத் தோப்புகளுக்கு இடையே வரும்போது, சூடு ஆறாத தார்ச்சாலையில் பக்கிக் குருவி ஒன்று உட்கார்ந்திருக்கும். விளக்கொளியில் அதன் கண் கனல்போல் மின்னும், வண்டி இரண்டு முழம் நெருங்கும் வரை அசையாது, பிறகு ஓசையின்றி எழுந்து தோப்புக்குள் மறையும். பௌர்ணமியன்று இன்னொன்றும் சேர்கிறது. நாம் கிழக்கு நோக்கித் திரும்புகிறோம் என்பதால், மலைக்குப் பின்னால் பகல் அணையும் அதே வேளையில், பேரூர்ப் பக்கமிருந்து நிலவு எதிரே எழுந்து வருகிறது.