பின்லாந்தின் காட்டுப் பாதைகள்: பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நெல்லைப் பெற்றோருக்கு ஒரு மதிப்புரை

அம்பை, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது எஸ்போவிலும் தாம்பரேயிலும் ஓவுலுவிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்க ஷெங்கன் விசாவில் போகும் பெற்றோர், ஹெல்சிங்கியின் வெள்ளைத் தேவாலயத்தையும் துறைமுகச் சந்தையையும் பார்த்துவிட்டு, மீதி நாட்களை அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அந்த நாடு விருந்தாளிக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த பொருள் காட்டுக்குள் நடந்து போகும் பாதைகள்தான் என்பது என் உறுதியான எண்ணம். தங்கை குடும்பத்தோடும், மூட்டுவலியுள்ள எங்கள் அம்மாவோடும் நான் நடந்த சில பாதைகளை, ஒரு சேவையை எடைபோடுவது போலவே இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் இந்தச் சேவையை யார் தருகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். பின்லாந்தில் 41 தேசியப் பூங்காக்கள் உள்ளன. அவற்றைப் பராமரிப்பது மெட்சாஹல்லிடுஸ் என்னும் அரசு வன அமைப்பு. நுழைவுக் கட்டணம் எங்கும் கிடையாது. சீட்டு கிழிப்பவரோ, பெயர் எழுதிக்கொள்பவரோ வாசலில் நிற்பதில்லை. பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகையில் வரைபடமும் தூரமும் இருக்கும். அதன் பிறகு மரங்களில் பூசிய வண்ண அடையாளமே வழிகாட்டும். சதுப்பு நிலம் வரும் இடங்களில் இரண்டு நீளப் பலகைகளை அருகருகே பதித்து, ஒருவர் பின் ஒருவராகப் போவதற்கு வழி செய்திருப்பார்கள்.

நான் மிகவும் மதிப்பது சமையல் மேடைகளை. பாதையில் குறிப்பிட்ட இடங்களில் கல் அடுக்கிய அடுப்பும், மூன்று பக்கம் மறைத்து முன்பக்கம் திறந்த சாய்கூரைக் குடிலும், பக்கத்தில் விறகுக் கொட்டகையும் இருக்கும். விறகுக்கு விலை இல்லை. எஸ்போவை ஒட்டிய நூக்சியோ தேசியப் பூங்காவில் ஓர் ஏரிக்கரை மேடையில், எங்களுக்கு முன் அங்கிருந்த முதியவர் ஒருவர் சாப்பிட்டு முடித்த பின்னும் புறப்படாமல், பிர்ச் மரக்கட்டை ஒன்றை அடிமரத்தின் மேல் நிறுத்தி, கோடாரியால் விரல் மொத்தத்துக்குச் சிராய்களாகப் பிளந்து, அவற்றை மழை படாத மூலையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அடுத்து வருகிறவர் உடனே தீ மூட்ட வேண்டும் என்பதற்காக அதைச் செய்தார் என்று தங்கை சொன்னாள். எங்கள் இட்லிகளை அந்தத் தீயில்தான் சூடாக்கி, எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியோடு சாப்பிட்டோம். பராமரிப்பு என்பதில் பாதியை அமைப்பும் மீதிப் பாதியை நடப்பவர்களும் செய்கிறார்கள். இந்தச் சேவை கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதுவே.

குப்பைத் தொட்டியைப் பாதையில் எங்கும் வைப்பதில்லை. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. காட்டுக்குள் குப்பை வண்டி வர வேண்டிய தேவையே அதனால் இல்லாமல் போகிறது. ஆடி அமாவாசை முடிந்த மறுநாள் காரையாற்றங்கரையைப் பார்த்து மனம் நொந்தவன் நான். அந்த விதி பிடிக்கப்படுவதைக் கண்ணால் கண்டபோது எனக்குப் பொறாமையே உண்டாயிற்று.

நம்மூர்க்காரருக்கு இதைவிடப் பெரிய வியப்பு அங்குள்ள உரிமை. யாருடைய காடாக இருந்தாலும், வீட்டு முற்றத்தையும் பயிர் நின்ற வயலையும் விட்டுவிட்டு, எவரும் கால்நடையாகப் போகலாம். புளூபெரி, லிங்கன்பெரி பழங்களையும் காளான்களையும் பறித்துக்கொள்ளலாம். அயல்நாட்டாருக்கும் இது பொருந்தும். ஆனால் மரத்தை வெட்டக் கூடாது, பாசியைப் பெயர்க்கக் கூடாது, நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் தீ மூட்டக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்குள் விதிகள் இன்னும் கூடுதல். கூடாரம் அடிப்பதைப் பெரும்பாலும் குறித்த இடங்களில்தான் அனுமதிக்கிறார்கள்.

இதைப் படித்ததும், களக்காடு முண்டந்துறைக்குள் நம்மை ஏன் இப்படி விடுவதில்லை என்று சிலருக்குக் கோபம் வரலாம். அந்தக் கோபம் நியாயமானது அல்ல. 1988இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் யானையும் புலியும் கரடியும் இருக்கின்றன. அடிவாரத்தில் பல லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். பின்லாந்திலோ நாடு முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 56 லட்சம் பேர்தான். நிலப்பரப்பில் முக்கால் பங்கு காடு. அங்கும் கரடி உண்டு என்றாலும் அது மனித வாடை பட்டால் விலகிப் போகும். ஆகவே அந்த ஊர் விதியை இங்கே கொண்டுவந்து நட முடியாது. இங்கே கிடைக்காத அனுபவத்தை அங்கே போகும்போது தவறவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

இனிப் பாதைகளுக்கு வருகிறேன். எஸ்போவில் இருப்பவர்களுக்கு நூக்சியோ பக்கத்திலேயே இருக்கிறது. நகரப் பேருந்திலேயே போய்விடலாம். சிறு ஏரிகள், பாறைக் குன்றுகள், தேயிலைச் சாறு போல் கருத்த நீர். இரண்டு கிலோமீட்டர் அளவிலான சிறு சுற்றும் அதைவிட நீண்ட சுற்றுகளும் உண்டு. முதல் நாள் பழகிக்கொள்ள மிகவும் ஏற்ற இடம். சனி, ஞாயிறுகளில் கூட்டம் அதிகம் என்பதால் வார நாளில் போவதே நல்லது.

மூட்டுவலி உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது புங்கஹார்யு. சவோன்லின்னாவுக்கு அருகில், இரண்டு பெரும் ஏரிப் பரப்புகளுக்கு நடுவே, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிய வரப்பாக ஒரு மேடு ஓடுகிறது. பனியுகத்தின் முடிவில், பனிப்பாளத்தின் அடியில் ஓடிய உருகுநீர் மணலையும் சரளையையும் கொண்டுவந்து குவித்ததால் உண்டான மேடு அது. மேலே நெடிய பைன் மரங்கள். அவற்றின் அடித்தண்டு சாம்பல் நிறமாகவும் உச்சி செம்மஞ்சளாகவும் இருக்கும். பாதை அகலமானது, ஏற்றம் மிகக் குறைவு, இரு பக்கமும் நீர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பாதையோரம் மண் சரிந்து மணல் தெரிந்த ஓர் இடத்தில் அம்மா குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "ஏலே, திசையன்விளைத் தேரி மாதிரில்லா இருக்கு" என்றார்கள். நிறம் வேறு, தேரியைக் காற்று குவித்தது, இதைப் பனிநீர் குவித்தது, ஆனால் மணல் மேட்டின் மேல் நிற்கிறோம் என்று கால் உணர்வது ஒன்றுதான். 1843இலேயே இந்த மேட்டை அரசுப் பூங்காவாக்கிப் பாதுகாத்தார்கள். ரயிலிலேயே போகலாம் என்பதும், காடு குறித்த லுஸ்தோ அருங்காட்சியகம் நிலையத்தின் அருகிலேயே இருப்பதும் கூடுதல் வசதி. மழை வந்தால் அங்கே ஒதுங்கி நன்றாகப் பொழுது போக்கலாம்.

கோலி வேறு தரம். வடக்குக் கரேலியாவில், பியெலினென் ஏரியின் மேற்குக் கரையில், கடல் மட்டத்திலிருந்து 347 மீட்டர் உயரத்தில் உக்கோ-கோலி என்னும் முகடு நிற்கிறது. 1868 மீட்டர் அகத்தியர் மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த எண் சிறியதாகத்தான் படும். எனக்கும் போகும் வரை அப்படித்தான் பட்டது. ஆனால் ஏரி அதன் காலடியிலேயே 253 மீட்டர் கீழே விரிந்து கிடப்பதாலும், சுற்றிலும் அதற்கு நிகரான உயரம் இல்லாததாலும், அந்தப் பாறையின் நுனியில் நின்றால் தீவுகளும் நீரும் காடுமாக அடிவானம் வரை தடையே இல்லாமல் தெரிகிறது. பொதிகையில் எவ்வளவு ஏறினாலும் அடுத்த மலை வந்து மறைத்துக்கொள்ளும். இப்படியொரு திறந்த பார்வை நமக்குப் புதியது. பாறை வெண்மையான குவார்ட்சைட். அதன் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள். பனிப்பாளம் தேய்த்து வழுவழுப்பாக்கிய அதன் முதுகில் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பதே ஒரு சுகம்.

முகட்டுக்கு மிக அருகில் வரை வண்டி போகும். அதன் பிறகு மரப்படிகள் உண்டு. ஆகவே அம்மாவும் மேலே வந்து பார்க்க முடிந்தது. நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு ஹெராயார்வி சுற்று என்னும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பாதை இங்கே தொடங்குகிறது. அதில் ஒரு பகுதி நடந்தாலே காட்டின் ஆழம் புரியும். ஓவியர் ஏரோ யார்னெஃபெல்ட் இந்த முகட்டைப் பலமுறை வரைந்திருக்கிறார். 1909இல் இசையமைப்பாளர் சிபேலியுசும் அவரோடு இங்கே வந்தார். நெல்லைச் சீமையிலிருந்து போனவனாகிய என்னை நிறுத்தியது அதைவிட வேறொன்று. இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் மரத்தை வெட்டிக் காயவிட்டு, எரித்து, சாம்பலில் ரை தானியமும் டர்னிப் கிழங்கும் விதைத்து, மண் களைத்ததும் வேறிடம் மாறுவார்கள். எங்கள் மலையில் காணிக்காரர்கள் செய்த எரிபுனச் சாகுபடியின் முறையும் இதுவே. கோலிப் பூங்காவில் சிறிய துண்டு நிலங்களில் அந்த முறையை இன்றும் திட்டமிட்டுச் செய்து காட்டிப் பாதுகாக்கிறார்கள். அதனால் உண்டான புல்வெளிகளையும் பிர்ச் தோப்புகளையும் பாதையிலிருந்தே பார்க்கலாம். காட்டுக்குள் மனிதர் வாழ்ந்த தடத்தையும் காட்டின் பகுதியாகவே வைத்துப் பேணும் அந்த எண்ணத்துக்காகவே கோலிக்கு என் முதலிடம். குறை என்னவென்றால் தூரம். ஹெல்சிங்கியிலிருந்து யொயென்சூ வரை ரயிலில் போய், அங்கிருந்து வண்டி எடுக்க வேண்டும். ஓரிரவு தங்காமல் போவது வீண்.

நல்ல நடை நடக்கக்கூடியவர்கள் வடக்கே கூசமோ வரை போக வேண்டும். ஓவுலங்கா தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற கரடிச் சுற்று 82 கிலோமீட்டர். அதன் தம்பியான சிறு கரடிச் சுற்று 12 கிலோமீட்டர். யூமா என்னும் சிற்றூரில் தொடங்கி அங்கேயே முடியும். ஒரே நாளில் இத்தனை வகையான காட்சியைத் தரும் பாதை எனக்குத் தெரிந்து வேறில்லை: தொங்குபாலங்கள், மில்லிகோஸ்கி சுழிப்பின் ஓரத்தில் மரத்தாலான பழைய மாவு ஆலை, யூரவா அருவி, அருவியின் பக்கத்திலேயே யாரும் தங்கக்கூடிய குடில், மேலே ஏறினால் ஆற்றுப் பள்ளத்தாக்கு. குற்றாலத்தில் குளித்துப் பழகியவர்கள் யூரவாவின் உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அகலமாகவும் மொத்தமாகவும் ஓர் ஆறே முழுசாக இறங்குகிறது. அதில் குளிக்க இறங்கவே கூடாது. தொங்குபாலத்தின் முகப்பில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்று எழுதியிருக்கும். மறுபக்கத்தில் வந்தவர்கள் அதை மதித்து எங்களுக்காகக் காத்து நின்றார்கள். படிகள் ஏராளம் என்பதால் இங்கே அம்மாவை அழைத்துப் போகவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போகாதீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜூன் பிற்பகுதியிலும் ஜூலையிலும் வடக்கே கொசு மொய்க்கிறது. முகவலை வாங்கிக்கொள்ளாமல் போகக் கூடாது. தெற்கில், குறிப்பாகக் கடலோரப் பகுதிகளில், உண்ணி கடித்தால் நோய் வரலாம். முழுக்கால் சட்டையும், திரும்பியதும் உடலைச் சோதிப்பதும் அவசியம். மழை பெய்த பின் சதுப்புப் பலகைகளும் வேர்களும் வழுக்கும். நம்மூர் ரப்பர் செருப்பு உதவாது. கழிப்பறைகளில் தண்ணீர் கிடையாது; பயன்படுத்திய பின் மேலே ஒரு கரண்டி மரத்தூள் போட வேண்டும். பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி, தனிப் புட்டியில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். சைவ உணவு வழியில் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் கட்டுச்சோறு எடுத்துப் போவதே சரி. காட்டுத்தீ எச்சரிக்கை விடுத்த நாட்களில் திறந்த வெளியில் தீ மூட்டத் தடை. கிளம்பும் காலையில் பார்த்துவிடுங்கள்.

பயண நிறுவனம் ஒன்று எங்கள் உறவினரிடம் "பின்லாந்து முழுமைப் பயணம்" என்று பெருந்தொகை வாங்கிக்கொண்டு, ஒரு காட்டுப் பாதையைக்கூடக் காட்டாமல் கடைத்தெருவிலேயே சுற்றவிட்டுத் திருப்பி அனுப்பியது. பணம் கட்டும் முன் எந்தப் பூங்கா, எத்தனை மணி நேர நடை என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகள் அங்கே இருந்தால் நிறுவனமே தேவையில்லை.

வடக்கே போவதற்குச் செப்டம்பர் முதல் பாதியே நல்ல காலம். கொசு அடங்கிவிடும், பிர்ச் இலைகளும் தரைச் செடிகளும் மஞ்சளும் சிவப்புமாக மாறும், லிங்கன்பெரி பழுத்திருக்கும். வெயிலும் நீண்ட பகலும் வேண்டுமென்றால் ஜூலையில் தெற்கே நடக்கலாம்.

முழுக் கரடிச் சுற்றையோ, லாப்லாந்தில் ஹெட்டாவிலிருந்து பல்லாஸ் வரையிலான 55 கிலோமீட்டர் பாதையையோ நடக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. வழியிலுள்ள திறந்த குடில்களில் கட்டணமோ முன்பதிவோ கிடையாது. கடைசியாக வந்து சேர்பவருக்குத்தான் அங்கே முதல் உரிமை, முன்னே வந்து ஓய்வெடுத்தவர்கள் இடம் விட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அங்கு நெடுநாள் வழக்கம். எனவே குடில் இருக்கிறது என்று நம்பிக் கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகாமல், முதுகுப் பையில் அதற்கும் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.