ஸ்டியரிங் பொக்ஸை முடுக்கி ஆட்டத்தை மறைக்கிறார்கள்: பழைய லொறிக்காரர்கள் கவனம்

பழைய எல்ஃப், கென்டர் லொறி வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் இதை முழுதாக வாசியுங்கள். கொழும்பு வடக்கில் உள்ள ஒரு கராஜில் எனக்கு நடந்தது இது. அதன் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் இதே வேலையைச் செய்து அனுப்பிய லொறிகள் இன்னும் எத்தனை ரோட்டில் ஓடுகின்றனவோ என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

என்னுடையது தொண்ணூறுகளில் வந்த எல்ஃப். முன்னால் ஒற்றை அச்சும் ஸ்பிரிங் தட்டும் உள்ள வகை. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் கிழங்கும் ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் மேலே போகிற வண்டி. வேகம் ஐம்பதைத் தாண்டியிருக்கும்போது முன் சில்லு ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், முன்பக்கம் முழுவதும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கிவிடும். ஸ்டியரிங் கைக்குள் நிற்காது. வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும். எதிரே பஸ் வரும் நேரத்தில் இப்படி உதறினால் என்ன ஆகும் என்று லொறி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கராஜ் பாஸ் (மெக்கானிக்) வெளியே நின்றபடியே ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். "பொக்ஸ் தேஞ்சிருக்கு அண்ணே, கிங் பின்னும் போயிட்டு. ரெண்டையும் செஞ்சா புது வண்டி மாதிரி ஓடும்" என்றார். பொக்ஸ் என்பது ஸ்டியரிங் திருப்புவதைச் சில்லுப் பக்கம் கொண்டுபோகும் பல்லுப் பெட்டி. கிங் பின் என்பது முன் சில்லு இடம் வலம் திரும்புவதற்கு அச்சின் முனையில் இருக்கும் தடித்த பின். கிங் பின் செட், டை ரொட் எண்ட் (இரண்டு முன் சில்லையும் இணைக்கும் கம்பியின் முனை மூட்டு) இரண்டு பக்கமும், பொக்ஸ் ரிப்பேர் என்று 70,000 ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள். காலையில் விட்ட வண்டியை மத்தியானமே தந்துவிட்டார்கள். கழற்றியது என்று சொல்லி ஒரு பழைய கிங் பின்னையும் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆரம்பத்தில் ஸ்டியரிங் இறுக்கமாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒருகொடவத்தைச் சந்தியில் திருப்பினால் அது தானாகத் திரும்பி வரவில்லை, கையால் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் பழைய உதறலும் வந்துவிட்டது, முன்பைவிட மோசமாக.

அப்புறம் மாமா ஒருவர் சொல்லி வேறொரு பாஸிடம் போனேன். வயதானவர். ஸ்பெனரைத் தொடும் முன் என்னை சீட்டில் உட்கார வைத்தார். சில்லுகள் தரையில்தான் இருந்தன. பவர் ஸ்டியரிங் என்பதால் எஞ்சினையும் ஓடவிட்டு, ஸ்டியரிங்கை மெதுவாக இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். கீழே டோர்ச்சோடு படுத்து, பொக்ஸிலிருந்து சில்லு வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். ஒரு மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அங்கேதான் தேய்மானம். எங்கள் வண்டியில் அப்படி அசைந்தது டை ரொட் எண்ட். புதிது என்று காசு வாங்கிய அதே எண்ட். ரப்பர் உறை மட்டும் புதிது. அதற்கு மேல் கறுப்புப் பெயின்ட், பெயின்டுக்குக் கீழே பழைய சேறு அப்படியே ஒட்டியிருந்தது. கிறீஸ் ஏற்றும் நிப்பிளின் வாயையும் பெயின்ட் மூடியிருந்தது.

அடுத்து அச்சுக்குக் கீழே ஜாக் வைத்துச் சில்லைத் தூக்கி, கட்டையும் கொடுத்துவிட்டு, மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளே வெளியே அசைத்தார். ஆட்டம் தெரிந்தது. என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்தார். இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பெயாரிங், மிதித்த பிறகும் இருந்தால் கிங் பின். எனக்கு நிற்கவில்லை. கிங் பின்னைப் பூட்டும் சிறிய பின்னின் நட்டைத் துடைத்துக் காட்டினார், துரு கலையவே இல்லை, ஸ்பெனர் பட்ட அடையாளமும் இல்லை. பையில் தந்த பழைய பின்னைப் புதிய செட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அது நீளத்தில் கட்டை. எங்கள் வண்டியுடையதே இல்லை.

கிங் பின் மாற்றுவது லேசான வேலை இல்லை. பின்னைச் சுற்றி இருக்கும் பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, புதியதை அடித்து, பின்னின் அளவுக்கு ரீமரால் துளையைக் கடைந்து சரிபார்க்க வேண்டும், பெரும்பாலும் லேத் பட்டறைக்குப் போகும். இரண்டு பக்கமும் செய்து டை ரொட்டும் பொக்ஸும் சேர்த்து மத்தியானத்துக்குள் வண்டி கைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, ஸ்டியரிங் எப்படி இறுகியது? பொக்ஸின் மேல் ஒரு சரிப்படுத்தும் ஸ்க்ரூ இருக்கிறது. உள்ளே இருக்கும் பல்லின் இடைவெளியை அளவாக வைப்பதற்கு உள்ளது. அதை அளவுக்கு மேல் முடுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும் ஆட்டம் மறையும். ஆனால் கீழே தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும், நடுவில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும், பொக்ஸும் சீக்கிரம் அழியும். நல்லாயிருந்த என் பொக்ஸை இப்படித்தான் கெடுத்தார்கள். மனிதர் உயிரோடு விளையாடுகிற வேலை இது, வேறு பெயர் இதற்கு இல்லை.

பஞ்சிகாவத்தையில் சாமானை நானே வாங்கி, அந்த வயதான பாஸிடம் வேலையை முடித்து, சில்லுகள் நேராக நிற்கிறதா என்று எலைன்மென்டும் பார்த்தாகிவிட்டது. இப்போது பள்ளத்தில் விழுந்தாலும் வண்டி நேராகப் போகிறது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். எழுத்து மூல முறைப்பாடு வேலை செய்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் போக வேண்டும். எந்தச் சாமான், எத்தனை, என்ன விலை என்று பிரித்து எழுதிய பில் கையில் இருக்கட்டும். "முன் வேலை" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பெயின்ட் அடித்த அந்த எண்டையும் கட்டைப் பின்னையும் நான் எறியவில்லை, பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அண்மையில் எங்காவது "ஸ்டியரிங் சரி பண்ணி" எடுத்தவர்கள், அடுத்த லோட் ஏற்றிக் கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்கும் முன் பொக்ஸின் மேல் அந்த ஸ்க்ரூவின் லொக் நட்டில் புதிதாக ஸ்பெனர் பட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பட்டிருந்து, திருப்பிய ஸ்டியரிங்கும் தானாக வரவில்லை என்றால், லோடை இறக்கி வைத்துவிட்டு முதலில் கீழே படுத்துப் பார்க்கிற ஒரு பாஸிடம் கொண்டுபோங்கள்.