ஆந்தை அந்துப்பூச்சிகள்: பழைய வகைப்பாடா, புதியதா?

அந்துப்பூச்சிப் படங்களுக்குப் பெயர் எழுதும்போது பலர் தடுமாறும் இடம் இது. குடும்பப் பெயர் ஒன்றுதான்: 1809இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய் சூட்டிய நாக்டுயிடே. வேர்ச்சொல்லான ‘நாக்டுவா’ லத்தீனில் சிறு ஆந்தையைக் குறிக்கும். இரவில் பறப்பவற்றுக்கு எவ்வளவு அழகான பெயர்! அந்தக் குடும்பத்தில் எவை சேரும் என்ற எல்லைதான் மாறிவிட்டது.

உறுப்பினர்கள்
பழையது: பழத்தைத் துளைத்துச் சாறு உறிஞ்சும் யூடோசிமாவும் உள்ளே.
புதியது: அது எரெபிடே குடும்பத்துக்குப் போய்விட்டது. காய்ப்புழுவான ஹெலிகோவெர்பாவும் படைப்புழுவான ஸ்போடோப்டெராவும் இங்கேயே இருக்கின்றன.

ஆதாரம்
பழையது: உடலமைப்பு மட்டும்.
புதியது: மரபணு ஒப்பீடும் சேர்ந்தது. பின்னிறகின் நடுநரம்புகளில் இரண்டாவது நலிந்திருந்தால் நாக்டுயிடே, தடித்திருந்தால் பெரும்பாலும் எரெபிடே. ஆனால் பிளூசியினே துணைக்குடும்பத்தைப் பாருங்கள்: நரம்பு தடித்திருந்தும் அது நாக்டுயிடேதான். நரம்பை மட்டும் நம்பினால் இங்கே தவறிவிடுவோம். மரபணுச் சான்று இதனால்தான் தேவைப்படுகிறது.

எளிமை
பழையது: பழைய நூல்களோடு பொருந்தும்.
புதியது: இன்றைய ஆய்வுகளோடு பொருந்தும்.

பழைய சேகரிப்புகளின் சீட்டுகளைப் படிக்கப் பழைய வகைப்பாடு தெரிந்திருக்க வேண்டும். இன்று புதிதாகப் பதிவு செய்வோர் தயங்காமல் புதியதையே எழுதலாம்.