சின்ன அரங்கு ரசிகர்களுக்கு ஓர் இயர்பிளக்: எட்டிமோட்டிக் ஈஆர்20எக்ஸ்எஸ்

பதின்வயதிலிருந்தே உள்ளூர் பேண்டுகளின் பின்னால் அலைகிறவர்கள் டி-ஷர்ட்டுக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் இது. சின்ன அரங்கில் மேடைக்கும் முன்வரிசைக்கும் இடைவெளியே இருக்காது. ஸ்பீக்கர் காது உயரத்தில் நிற்கும், சிம்பல் மைக் இல்லாமலே வந்து அறையும். 100 டெசிபல் அங்கே சர்வசாதாரணம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100-க்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம், அதாவது மூன்று நான்கு பாட்டு.

சாதாரண ஃபோம் பிளக் சத்தத்தை நன்றாகவே குறைக்கும். ஆனால் பேஸை விட உச்ச ஒலிகளை அதிகம் விழுங்கிவிடுவதால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். பாதி நிகழ்ச்சியில் பலர் அதைக் கழற்றுவது இதனால்தான். ஈஆர்20எக்ஸ்எஸ் எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கப் பார்க்கிறது. பாட்டு வரிகள் புரிகின்றன, சிம்பலின் பளபளப்பும் பெரும்பாலும் தங்குகிறது.

20 டெசிபல் குறையும் என்கிறது நிறுவனம். ஆய்வகச் சோதனையில் கிடைக்கும் இரைச்சல் குறைப்பு மதிப்பான என்ஆர்ஆரோ 13தான். கணக்குக்கு 13-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்: 100 என்பது 87 ஆகும், 15 நிமிடம் ஐந்து மணி நேரமாக நீளும். காதில் சரியாக உட்காராமல் 8 மட்டுமே குறைந்தால் ஒன்றரை மணி நேரம்தான்.

உட்காரவைப்பதில்தான் எல்லாமே. எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, லேசாகத் திருகியபடி மூன்றடுக்கு முனையை உள்ளே தள்ளுங்கள். முனகிப் பாருங்கள்: இரண்டு காதிலும் குரல் தலைக்குள் முழங்க வேண்டும். இசை தொடங்கியதும் உள்ளங்கையால் காதைப் பொத்துங்கள். சத்தம் இன்னும் வெகுவாகக் குறைந்தால் எங்கோ கசிகிறது. கூடவே கத்திப் பாடினால் தாடை அசைந்து பிடி தளரும், அவ்வப்போது அழுத்திவிடுங்கள் (பாடாமல் இருக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?). கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் திருகி மெதுவாக எடுங்கள்.

முனையைத் தனியே கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். சத்தத்தைத் தணிக்கும் வடிகட்டிக்குள் தண்ணீரோ அழுக்கோ போனால் ஒலி மாறிவிடும். முனை விறைத்துப்போனால் மாற்றியே ஆக வேண்டும்.

காதுத்துளை சிறிதாக உள்ள இளையவர்கள் சின்ன அளவு முனையிலிருந்து தொடங்கலாம். ஸ்பீக்கரை ஒட்டியே நிற்பவர்களுக்கு 13 போதாது. அவர்கள் இரண்டடி நகரட்டும், இல்லையென்றால் ஃபோமுக்கே போகட்டும்.