ரீஜனலா, டிஸ்ட்ரிக்டா?

அமெரிக்காவில் 1992-இல் தொடங்கியது, பள்ளி மாணவர்கள் ரோபோ கட்டி மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி. அதில், உலகச் சாம்பியன்ஷிப்புக்குப் போக இரண்டு வழிகள் உண்டு.

பழையது ரீஜனல். பெரிய அரங்கம், ஐம்பது அறுபது அணிகள், திருவிழாக் கூட்டம். பல அணிகளுக்கு அந்த ஒரு போட்டியோடு சீசனே முடிந்துவிடும். வாரக்கணக்கில் கண்விழித்துக் கட்டிய ரோபோவில் ஒரு சங்கிலி அறுந்தால், அப்புறம் அடுத்த வருடம்தான். வென்றவர் நேரே சாம்பியன்ஷிப் போவதுதான் வழக்கம். 2025 முதல் இங்கும் புள்ளிக்கணக்கு வந்துவிட்டது.

டிஸ்ட்ரிக்ட் முறையை 2009-இல் மிச்சிகன் மாநிலம் தொடங்கியது. பள்ளி ஜிம்மிலேயே சிறிய போட்டிகள். ஒரே பதிவுக் கட்டணத்தில் இரண்டு போட்டிகள், ஒவ்வொன்றிலும் 12 தகுதி ஆட்டங்கள். புள்ளிகள் சேர்ந்தால் டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்ஷிப், அங்கே புள்ளி மும்மடங்கு. முதல் போட்டியில் சொதப்பிய ரோபோ கையை வீட்டில் சரிசெய்து இரண்டாவதில் இறக்கலாம். மாணவர்கள் உண்மையில் கற்பது அந்த இடைவெளியில்தான் என்பேன்.

சரி, எல்லா ஊரும் மாறிவிடலாமே? முடியாது. பக்கத்து பக்கத்தில் நிறைய அணிகள் வேண்டும், வார இறுதிதோறும் தன்னார்வலர்கள் வேண்டும். கடல் தாண்டிப் போகவேண்டிய ஹவாய் மாதிரி இடங்களுக்கு ரீஜனல்தான் பொருந்தும். டிஸ்ட்ரிக்டிலும் நன்றாக ஆடினால், டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்ஷிப்புக்கு இன்னொரு பயணச் செலவு சேரும். டிஸ்ட்ரிக்டை மலிவு என்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அணிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் என் ஓட்டு டிஸ்ட்ரிக்டுக்கே.