40 கிலோ கத்தரிக்காயை எங்கே இறக்குவது: உழவர் சந்தையா, வாரச்சந்தையா, கமிஷன் மண்டியா?

அரை ஏக்கரில் கத்தரி, கால் ஏக்கரில் வெண்டை, வரப்போரம் நாலு முருங்கை, கிணற்றடியில் கீரைப் பாத்தி. சிறு விவசாயி ஒருவரின் தோட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு பறிப்புக்கு 40, 50 கிலோ தேறும். விளைச்சல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை எங்கே கொண்டுபோய் விற்கிறோம் என்பதை வைத்துத்தான் வரும்படி அமைகிறது.

மூன்று வழிகளையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்போம். மண்டியில் கத்தரி கிலோ 30 ரூபாய் போகும் நாள், கையில் 40 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டியில் மொத்தம் 1,200 ரூபாய். பத்து சதவீதக் கமிஷன் 120, சாக்கும் இறக்குக்கூலியும் 40, லோடு வேனுக்கு 80 போனால் மிச்சம் 960. உழவர் சந்தையில் விலைப் பலகையில் 36 ரூபாய் இருக்கும். 34 கிலோ அந்த விலைக்குப் போய், கடைசி ஆறு கிலோவை 20 ரூபாய்க்குத் தள்ளினால் 1,344. ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் 90, டிபனுக்கு 50 கழித்தால் 1,204. வாரச்சந்தையில் 25 கிலோ 38 ரூபாய்க்கும், பொழுது சாயும் நேரத்தில் பத்து கிலோ 30 ரூபாய்க்கும், மீதி ஐந்து கிலோ கூறு கட்டி 75 ரூபாய்க்கும் போனால் 1,325. சுங்கம் 30, வண்டி 120, டீ 40 போக 1,135.

மண்டிக்கும் உழவர் சந்தைக்கும் வித்தியாசம் 244 ரூபாய்தான். அதற்கு ஒருவர் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா இத்தனை பாடு என்று தோன்றும். ஆனால் விலை விழுந்த வாரத்தில் இதே கணக்கைப் போட்டால் படம் மாறிவிடுகிறது. மண்டி விலை ஐந்து ரூபாயானால் 40 கிலோவுக்கு 200 ரூபாய். கமிஷனும் கூலியும் வாடகையும் போய் 60 ரூபாய் நிற்கும், பறித்த ஆளுக்குக் கூலி கொடுக்கக்கூடக் காணாது. உழவர் சந்தை விலையும் மண்டி விலையை ஒட்டியே ஆறு ரூபாய்க்கு இறங்கிவிடும், கையில் 100 ரூபாய் நிற்கும். வாரச்சந்தையில் மட்டும் 12 ரூபாய்க்கு விற்க முடியும். மண்டி விலை ஒரே இரவில் சரியும், சில்லறை விலை அப்படிச் சரியாது. வாங்க வருபவர் போன வாரம் கொடுத்த விலையையும் மளிகைக் கடை விலையையும் நினைவில் வைத்துத்தான் பேசுகிறார். செலவு 190 போனாலும் 290 ரூபாய் வீடு வந்து சேரும். விலை இறங்கும் காலத்தில் சிறு விவசாயியைத் தாங்கிப் பிடிப்பது வாரச்சந்தைதான் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

உழவர் சந்தை

பஞ்சாபில் 1987-இல் தொடங்கிய அப்னி மண்டியும், ஆந்திராவில் 1999 தொடக்கத்தில் வந்த ரைத்து பஜாரும் விவசாயியே நேராக விற்கும் இந்தச் சந்தைக்கு முன்னோடிகள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. இடைத்தரகர் வேண்டாம், இடத்துக்கு வாடகை வேண்டாம், தராசு அரசே தரும் என்பது ஏற்பாடு. விலைக்கும் ஒரு சூத்திரம் உண்டு: மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதவீதமாவது குறைவு. தினமும் காலையில் இரண்டு விலையையும் விசாரித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். வாங்குபவருக்குப் பேரம் பேசும் சங்கடம் இல்லை, விற்பவருக்கு ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் இல்லை.

உள்ளே விற்க அடையாள அட்டை வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் நகல், ஆதார், புகைப்படம் ஆகியவற்றுடன் சந்தையின் நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு ஆள் வந்து என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று பார்த்த பிறகுதான் அட்டை. பலர் தவறுவது இங்கேதான். அட்டையில் கத்தரி மட்டும் எழுதியிருக்க, கையில் பீர்க்கங்காயோடு போய் நின்றால் வாசலிலேயே பேச்சு வரும். பயிர் மாற்றினால் அட்டையிலும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள்.

இங்கே ஜெயிப்பது ரகம், அளவு அல்ல. ஒரே காயை 60 கிலோ கொண்டுவருபவருக்கு ஒன்பது மணிக்கு மேல் பாதி தேங்கும். பதினைந்து கிலோ கத்தரி, பத்து கிலோ வெண்டை, 40 கட்டுக் கீரை, கொஞ்சம் கறிவேப்பிலை, எலுமிச்சை என்று பரப்புபவர் எட்டரைக்கே விற்று முடித்துவிடுவார். கீரைக்கு நாலு பாத்தி போட்டு வாரம் ஒன்றாக விதைத்தால், சிறுகீரை 25 நாளில் அறுப்புக்கு வருவதால், எந்த வாரமும் கை காலியாக இருக்காது. கீரையை முந்தின நாள் சாயங்காலம் அறுத்து, வேரை மட்டும் நனைத்து, ஈரச்சாக்கில் நிற்க வைக்க வேண்டும். இலையில் தண்ணீர் தெளித்துப் படுக்க வைத்தால் விடியும்போது நடுக்கட்டு வெந்துபோயிருக்கும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும். வாங்குபவர் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார்.

உழவர் சந்தையின் பெரிய நோய், விவசாயி பெயரில் அட்டை வைத்துக்கொண்டு மண்டிக் காயை விற்கும் வியாபாரிகள். ஒரே தட்டில் கேரட்டும் முருங்கையும் பெரிய வெங்காயமும் ஒரே சீராக அடுக்கியிருந்தால் சந்தேகப்படலாம். மலைக்காயும் சமவெளிக் காயும் ஒரே தோட்டத்தில் விளைவதில்லை. அலுவலர் நேர்மையாகத் தோட்ட ஆய்வு செய்யும் ஊரில் இந்தத் தொல்லை குறைகிறது, செய்யாத ஊரில் உண்மையான விவசாயி மெல்ல ஒதுங்கிவிடுகிறார்.

வாரச்சந்தை

இங்கே அட்டை கேட்க ஆள் இல்லை. அதுதான் இதன் பலம். நிலமே இல்லாதவரும் உட்காரலாம்: கருவாடு விற்பவர், அரிவாள் அடிப்பவர், பொரிகடலைக்காரர், மண்பானை கொண்டுவருபவர், நாலு கோழியோடு வரும் பாட்டி. போச்சம்பள்ளியில் ஞாயிறு கூடும் சந்தையும், எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தையும் சுற்றுவட்டாரம் முழுவதையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சந்தைகள் வேறு வேறு கிழமையில் கூடுவதால், ஒரு வியாபாரி வாரத்தில் ஐந்து ஊர் சுற்றியே பிழைத்துவிட முடியும். கூலி வாங்கும் நாளைச் சந்தை நாளுக்கு ஒட்டி வைத்துக்கொள்ளும் வழக்கமும் பல ஊரில் உண்டு; வாங்கிய கூலி அன்றே சந்தைச் செலவாகி, பக்கத்து ஊர்க்காரர் கைக்கே போய்ச் சேர்கிறது. பெண் கொடுத்த ஊர்ச் சேதியும், விதைப்புக்கு ஆள் கிடைக்குமா என்ற விசாரிப்பும், மருந்தடிக்கும் இயந்திர இரவலும் அங்கேதான் முடிவாகின்றன. உழவர் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் அறிமுகம் ஆகிறார்கள். வாரச்சந்தையில் விற்பவரும் விற்பவரும்கூட ஒருவருக்கொருவர் வாடிக்கை.

புதிதாகப் போகிறவர் மதியத்துக்குள் போய்விட வேண்டும். எந்த இடம் யாருடையது என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். யாரோ வழக்கமாக உட்காரும் இடத்தில் சாக்கை விரித்தால் அன்றைக்கே வம்பு. முதல் நாலைந்து வாரம் ஓரமாக உட்கார்ந்து, விடாமல் போனால் இடம் தானாக நிலைக்கும். இரண்டு வாரம் வராவிட்டால் போய்விடும். தார்ப்பாய், கயிறு, பேட்டரி விளக்கு, 300 ரூபாய்க்குச் சில்லறை, இவை நான்கும் இல்லாமல் கிளம்பக் கூடாது. கூட்டம் சேரும் நேரத்தில் செல்போன் சிக்னல் திணறும், கியூஆர் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வாங்க வேண்டும். சான்றிதழைத் தராசுப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

மழை ஒரு மணி நேரம் பெய்தால் அந்த வாரம் போச்சு. மேடை இல்லாத சந்தைகளில் சேறும் காயும் ஒன்றாகக் கிடக்கும். பெண்கள் காலை முதல் இரவு வரை உட்காரும் இடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறார்கள். இதைச் சின்னக் குறையாக எண்ணி விட்டுவிட முடியாது. உடம்பு கெட்டு வியாபாரத்தையே விட்டவர்கள் உண்டு.

கமிஷன் மண்டி

தக்காளி 30 பெட்டி, வெங்காயம் 20 மூட்டை என்று ஒரே நாளில் விழுந்தால் மண்டியைத் தவிர வேறு வழியில்லை. சென்னைக்கு 1996-இல் திறந்த கோயம்பேடும், கேரளத்துக்குக் காய் அனுப்பும் ஒட்டன்சத்திரமும் இல்லாவிட்டால் அவ்வளவு சரக்கு எங்கே போகும்? ஏழு மணிக்குள் இறக்கிவிட்டு வயலுக்குத் திரும்பிவிடலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. எடைக்கழிவு என்று மூட்டைக்கு எத்தனை கிலோ பிடிக்கிறார்கள் என்பதை முதலிலேயே கேளுங்கள்; சீட்டில் கமிஷன் பத்து என்று இருந்தாலும் கழிவோடு சேர்த்தால் பதின்மூன்றைத் தொடும். அடுத்தது முன்பணம். விதைப்புக்கு மண்டிக்காரரிடம் வாங்கினால் அறுவடை அவரிடமே போக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான்.

எவருக்கு எது?

நகரத்துக்குப் பக்கம் நிலம், ஐந்தாறு ரகப் பயிர், காலையில் உட்கார வீட்டில் ஓர் ஆள் இருந்தால் உழவர் சந்தை. ஒரே பயிர், 200 கிலோவுக்கு மேல் என்றால் மண்டி. நிலம் குறைவு, அல்லது ஊறுகாய், வடகம், நாட்டுக்கோழி முட்டை மாதிரி விற்பனை என்றால் வாரச்சந்தை. மூன்றையும் கலப்பவர்களே நன்றாக நிற்கிறார்கள்: நல்ல காய் உழவர் சந்தைக்கு, சிறுத்ததும் வளைந்ததும் வாரச்சந்தைக் கூறுக்கு, ஒரே நாளில் மிஞ்சி விழுந்தது மண்டிக்கு.

வாரச்சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி ஆண்டுதோறும் ஏலம் விடுகிறது. தலைச்சுமைக்கு எவ்வளவு, தட்டுக்கு எவ்வளவு என்ற கட்டணப் பலகையையும் கழிப்பறையையும் விளக்கையும் ஏல நிபந்தனையிலேயே எழுத வைக்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு குத்தகைதாரரிடம் கேட்டுப் பயனில்லை. ஊராட்சியின் சந்தை என்றால் ஜனவரி 26 கிராம சபையில் மனுவாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.