தாடை நோவு: தசையா, மூட்டா, பாக்கா?

மாமாங்கத் திருவிழாவில் வாங்கிய கச்சானைக் கொறித்த மறுநாள் மாமிக்குக் காதடியில் நோவு. காதுக்குத்து என்று நினைத்து ஒரு கிழமை காதுக்கு மருந்து விட்டார். காதில் ஒன்றுமில்லை. தாடை மூட்டு காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் இருப்பதால் பலரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

சரி, காது இல்லை. தசையா, மூட்டா?

தசை என்றால் பெரும்பாலும் காலையில் எழும்பும்போதே கன்னமும் நெற்றிப்பொட்டும் கனக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், யோசனையில் பல்லை இறுக்கியபடி இருப்பவர்களுக்கும் இது வரும். கன்னத்தை அழுத்தினாலே நோகும்.

மூட்டின் குறி வேறு. இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி சின்னத் தட்டு ஒன்று உண்டு. அது முன்னால் நழுவியிருந்தால் வாய் திறக்கும்போது 'டக்' என்று கேட்கும். நோவில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. ஆனால் நழுவிய தட்டு இடத்துக்குத் திரும்பாவிட்டால் சத்தம் நின்றுவிடும், வாய் பாதியில் சிக்கும், தாடை நோகிற பக்கமாகவே இழுபடும். சத்தம் நின்றதைச் சுகம் என்று எண்ணிவிடாதீர்கள். தேய்மானம், வாதம், அடிபட்டது எல்லாம் மூட்டு நோவில்தான் சேரும்.

இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே: கஞ்சி, சொதி ஊற்றிய இடியப்பம், சூட்டு ஒத்தடம், பல்லோடு பல் முட்டாமல் வைத்திருப்பது. இரவில் போடும் பல் உறை சிலருக்கு உதவும், எல்லாருக்கும் இல்லை. பல்லை அராவிச் சரிசெய்வதற்கு அவசரப்பட வேண்டாம்; அராவிய பல் திரும்பி வராது.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. தாடை நோவோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அது இதயமாக இருக்கலாம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைப் பார்க்காமல் விட முடியாது: வெற்றிலை பாக்கு. நாள் முழுக்க மெல்வதால் தசை களைப்பது சின்ன விஷயம். பாக்கு வாயின் உட்தோலையே நாராக இறுக்கிவிடும். கறி உறைப்புப் பட்டால் எரியும், கன்னத்தின் உட்புறம் வெளிறும், வாய் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சிறுக்கும். ஒத்தடத்துக்கு அது இளகாது. புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்பதால்தான் எனக்கு மற்ற இரண்டையும்விட இதில் பயம் அதிகம்.

வளர்ந்தவர்களுக்கு வாய் ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் திறக்க வேண்டும். அவரவர் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைத்தால் போக வேண்டும்.

மாமிக்குக் கஞ்சியிலும் ஒத்தடத்திலும் நோவு இறங்கிவிட்டது. விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டுதான் போயிற்று. எப்போதிருந்து என்று கேட்டால், "அது கனகாலமா அப்படித்தானே, மகள்" என்கிறார். வருகிற திங்கள் அவரைப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகிறேன்.